தொடர் உழைப்பும் அதைத் தாங்கும் மண்ணும்

"உழைத்தவர் உயர்வார்" என்பது பள்ளிச் சுவர் முதல் பாராட்டு விழா மேடை வரை எங்கும் காணக் கிடைக்கும் வாசகம். விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேசும்போது அது இன்னும் உரக்க ஒலிக்கிறது. பதக்கத்தோடு நிற்பவரைச் சுட்டிக்காட்டி, "விடாமல் உழைத்தார், வென்றார்" என்று முடித்துவிடலாம். ஆனால் கோலார் தங்கவயலில் நின்றுகொண்டு அந்த வாசகத்தைச் சொல்வது அவ்வளவு எளிதன்று. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழர் விடாமல் உழைத்தனர். உழைப்பு ஒன்றே உயர்வு தருமெனில், இந்தியாவின் செழிப்பான நகரங்களுள் ஒன்றாக அவ்வூர் இன்று விளங்க வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியபோது கண்முன்னே எஞ்சியவை, நிறுவனத்துக்குச் சொந்தமான லைன் வீடுகளும் ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நிற்கும் சயனைடு மேடுகளுமே.

தொடர் உழைப்பின் மதிப்பை எடைபோடுவதற்கு இதைவிடப் பொருத்தமான தராசு கிடைப்பது அரிது. உழைப்பு வீண் என்று சொல்லவும் அந்த ஊர் இடம் தராது. உழைப்பே போதும் என்று சொல்லவும் இடம் தராது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைக் கையிலெடுத்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து நிலமற்ற குடும்பங்கள், அவர்களுள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள், கூட்டங்கூட்டமாகச் சென்று குடியேறினர். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டது. ஒரு டன் பாறையை உடைத்து, ஏற்றி, அரைத்து, கழுவினால் கிடைப்பதோ கிராம் கணக்கில்தான். ஆகவே 800 டன் என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கும் பாறையின் அளவையும், அதைத் தொட்ட கைகளின் எண்ணிக்கையையும் மனத்தில் கொண்டுவருவதே கடினம்.

அந்த உழைப்பை வெறும் உடல்வலு என்று கருதுவது பிழை. சுரங்கத்தில் பழகிய தொழிலாளி, தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அது உறுதியாக நிற்கிறதா, பிளந்து தொங்குகிறதா என்று அறிவார். அந்தச் செவி ஒரு நாளில் வாய்ப்பதன்று. ஷிஃப்ட் ஷிஃப்டாக, ஆண்டு ஆண்டாக, ஒரே செயலைக் கவனத்தோடு செய்ததன் விளைச்சல் அது. விளையாட்டு வீரரின் பயிற்சியும் இத்தகையதே. உடலைத் திரும்பத் திரும்ப ஒரு செயலில் ஈடுபடுத்தி, அறிவை உடலுக்குள் இறக்குவதுதான் பயிற்சி. ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுரங்கத் தொழிலாளியின் உழைப்பு தங்கமாகி ஊரை விட்டுப் போயிற்று. விளையாட்டு வீரரின் உழைப்பு அவரது உடலிலேயே திறனாகத் தங்குகிறது. அதை எந்தப் பங்குதாரரும் பிரித்துக்கொள்ள முடியாது. விளையாட்டு ஏழைப் பிள்ளைகளை ஈர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோலார் மண் தந்த விரைவோட்டக்காரர் கென்னத் பாவெல். 1940இல் கோலாரில் பிறந்த அவர், இளம் வயதிலேயே பெங்களூருக்குச் சென்று இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1960களில் இந்தியாவின் வேகமான ஓட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4x100 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார். அந்த அணி அரையிறுதி வரை சென்றது. 1965இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2022 டிசம்பரில் தமது 82ஆம் வயதில் மறைந்தார்.

இந்தச் செய்திகளைப் பட்டியலாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 1964க்கும் 1970க்கும் இடையே ஆறு ஆண்டுகள் உள்ளன. பாங்காக்கில் ஓடியபோது பாவெலுக்கு வயது 30. நூறு மீட்டர் ஓட்டம் இளமையின் ஆட்டம். அதில் உச்ச வேகம் சில ஆண்டுகளே நிலைக்கும். அதற்குப் பின்னும் நாட்டுக்காக ஓடும் தகுதியோடு இருப்பது, யாரும் பார்க்காத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்களை ஒழுங்காகக் கடந்து வந்ததன் விளைவு. அவற்றுள் மழை நாள்களும், தசைப்பிடிப்பு நாள்களும், ஓடவே மனம் வராத நாள்களும் இருந்திருக்கும். அன்றைய ஓட்டப் பாதைகளோ செயற்கைத் தளம் காணாதவை. டோக்கியோவில்கூடக் கரித்தூள் பாதையில்தான் ஓடினார்கள். ஒலிம்பிக்கில் அத்தகைய பாதை கடைசியாகப் பயன்பட்டது அந்த ஆண்டில்தான்.

தொடர் ஓட்டம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. அந்நாளைய விதிப்படி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் குறுந்தடி மாற வேண்டிய எல்லை 20 மீட்டர். முழு வேகத்தில் ஓடுவோருக்கு அந்தத் தொலைவு சுமார் இரண்டு நொடி. அதற்குள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்ட வேண்டும், அந்தக் கையில் தடி வந்து அமர வேண்டும். நால்வரில் ஒருவர் மட்டும் கடுமையாக உழைத்தால் இது நடக்காது. அங்கே தொடர் உழைப்பு என்பது ஒருவர் மற்றவர்மேல் வைக்கும் நம்பிக்கையாக மாறிவிடுகிறது. நேற்றும் முன்தினமும் அதே இடத்தில் அதே நேரத்தில் வந்து நின்றவர் இன்றும் வந்து நிற்பார் என்ற உறுதிதான் அந்த இரண்டு நொடிகளைத் தாங்குகிறது.

கல்விப்புலத்தில் இந்தக் கேள்வி நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்தனர். தலைசிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனிப் பயிற்சி செய்திருந்தனர் என்பது அவர்களது கண்டறிதல்களுள் ஒன்று. 2008இல் மால்கம் கிளாட்வெல் அதை 'பத்தாயிரம் மணி நேர விதி' என்று உலகறியச் செய்தார். ஒரு குழுவின் சராசரி, அனைவருக்கும் உரிய விதியாக உருமாறியது. பத்தாயிரம் மணி நேரத்தைக் கடந்தால் யாரும் மேதையாகலாம் என்ற நம்பிக்கை பயிற்சி மையங்களின் விளம்பரம் வரை பரவியது. எரிக்சனே இந்த எளிமைப்படுத்தலை ஏற்கவில்லை. பிழையைக் கண்டு திருத்தும் நோக்கமுள்ள பயிற்சியைப் பற்றியே அவர் பேசினார். மணிக்கணக்கு அவருக்கு இரண்டாம்பட்சம்.

2014இல் புரூக் மெக்நமாராவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். விளையாட்டில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான திறன் வேறுபாட்டில், இத்தகைய பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 18 சதவீதம் மட்டுமே. 2016இல் வெளிவந்த தொடர்ச்சியில், உச்சநிலை வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது சுமார் 1 சதவீதமாகச் சுருங்கியது. இந்த எண்களைக் கண்டு "பயிற்சியால் பயனில்லை" என்று முடிவு கட்டுவோர் உண்டு. அந்த முடிவு தவறானது. உச்சநிலையில் நிற்கும் அனைவரும் ஏற்கெனவே கடுமையாகப் பயின்றவர்கள். எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் ஒன்றைக் கொண்டு அவர்களுக்கிடையிலான வேறுபாட்டை விளக்க முடியாது. பந்தயத்தில் ஓடும் எட்டுப் பேரும் காலணி அணிந்திருந்தால், வென்றவர் காலணியால் வென்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறுங்காலோடு வந்திருந்தால் அவர் அந்த வரிசையில் நின்றிருப்பாரா என்பது வேறு கேள்வி. தொடர் உழைப்பு வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. வாசலைத் திறந்து வைக்கிறது. அந்த வாசலுக்குள் நுழைந்த பிறகு உடலமைப்பு, பயிற்றுநர், காயம், தேர்வாளரின் கண், காலத்தின் தற்செயல் ஆகியவை பேசத் தொடங்குகின்றன.

சமூகவியலாளர் டேனியல் சாம்ப்ளிஸ் 1989இல் நீச்சல் வீரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையும் இங்கே உதவும். உள்ளூர்க் குளத்தில் நீந்துபவருக்கும் ஒலிம்பிக்கில் நீந்துபவருக்கும் உள்ள வேறுபாடு பயிற்சியின் அளவில் இல்லை, அதன் தன்மையில் இருக்கிறது என்பது அவர் வாதம். கையைத் தண்ணீரில் செலுத்தும் கோணம், சுவரைத் தொட்டுத் திரும்பும் முறை, நேரத்துக்கு வருதல், உணவு, உறக்கம் எனச் சின்னஞ்சிறு செயல்கள் பழக்கமாகி ஒன்றுசேரும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மேதைமையாகத் தெரிகிறது. அருகில் சென்று பார்த்தால் வியப்பூட்டும்படி எதுவும் இல்லை. சாதாரணச் செயல்கள் சரியாக, நாள்தோறும் செய்யப்படுகின்றன, அவ்வளவே.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜன், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலிருந்து வளர்ந்து 2015இல் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அறிமுகமானார். உடனே அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளானது. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அது தொழிலே முடிந்துபோகும் தருணம். அதுவரை எறிந்த ஆயிரக்கணக்கான பந்துகள் உடலில் பதித்த பழக்கத்தையே அவர் கலைக்க வேண்டியிருந்தது. பழைய உழைப்பை அப்படியே பெருக்கியிருந்தால் பிழைதான் பெருகியிருக்கும். அவர் கையசைவைத் திருத்தி, மீண்டும் தொடக்கத்திலிருந்து பயின்று, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாகத் திரும்பி வந்தார். 2020ஆம் ஆண்டு இறுதியில் வலைப்பயிற்சியில் பந்துவீசும் கூடுதல் வீரராகத்தான் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மற்றவர்களின் காயங்களால் இடம் ஒவ்வொன்றாகத் திறந்தது. டிசம்பரில் ஒருநாள் போட்டி, டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

இதில் உழைப்பின் பங்கு எது, வாய்ப்பின் பங்கு எது என்று பிரிப்பது எளிதாக இல்லை. பிறர் காயமடையாவிட்டால் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. அவர் தயாராக இல்லாவிட்டால் கிடைத்த இடம் தங்கியிருக்காது. திருக்குறளில் 'ஊழ்' 38ஆம் அதிகாரமாகவும் 'ஆள்வினையுடைமை' 62ஆம் அதிகாரமாகவும் இடம்பெற்றிருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்த தமிழ் மரபுக்கு இந்த இழுபறி புதிதன்று.

எல்லா உழைப்பும் இப்படி உச்சத்தில் முடிவதுமில்லை. புனேயை அடுத்த கட்கியில் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், தமிழ்க் குடும்பமொன்றில் 1968இல் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. தந்தை அங்கே மைதானப் பராமரிப்பாளர். உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டிக் கட்டி ஆடிப் பழகிய அவர், மும்பையில் மஹிந்திரா நிறுவன அணியிலும், பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ் அணியிலும் ஆடினார். அயல்நாட்டுத் தொழில்முறை அணிகளுக்கும் ஆடினார். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, அதே காலத்தில் நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இவ்வளவு நீண்ட ஓட்டத்தில் ஒலிம்பிக்கிலோ உலகக் கோப்பையிலோ அவருக்கு ஒரு பதக்கமும் வாய்க்கவில்லை. 1998இல் அவர் தலைமையில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வென்றது. உழைப்பின் மதிப்பைப் பதக்கத்தால் மட்டும் அளந்தால் தன்ராஜின் நான்கு ஒலிம்பிக்குகள் நான்கு தோல்விகளாகத் தெரியும். அவரது ஆட்டத்தைப் பார்த்துப் பந்தைத் துரத்தத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அவை அப்படித் தெரிந்ததில்லை.

பாவெல், தன்ராஜ் இருவரின் வாழ்க்கையிலும் ஒரு பொதுமை இருக்கிறது. டெலிபோன் தொழிற்சாலை, படைக்கலத் தொழிற்சாலையின் மைதானம், விமான நிறுவனம் என்று இருவருக்கும் பின்னால் ஒரு வேலையிடம் நிற்கிறது. பாவெல் ஓடிய காலத்தில் ஒலிம்பிக் விதி தொழில்முறை வீரர்களை அனுமதிக்கவில்லை. ஆயினும் இந்தியாவில் ரயில்வே, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியன வீரர்களுக்கு வேலை தந்து, மாதச் சம்பளம் தந்து, பயிற்சிக்கு நேரமும் தந்தன. பெயர் எதுவாயினும், இந்தியத் தொழில்முறை விளையாட்டின் அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது. தொடர்ச்சி என்பது மனவுறுதி சார்ந்த பண்பு மட்டுமன்று. அடுத்த மாதமும் அரிசி வாங்க முடியும் என்ற உறுதி, மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படாத மைதானம், பிழையைச் சுட்டிக்காட்டும் ஒரு கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவரின் உழைப்பு தொடர் உழைப்பாகிறது. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் உழைப்பு இருக்கும், தொடர்ச்சி இருக்காது.

மீண்டும் தங்கவயலுக்கு வர வேண்டியது இதனால்தான். சுரங்கக் காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. தொழிலாளர் குடியிருப்புகளின் இளைஞர்கள் கிடைத்த வெளியில் கால்பந்தும் ஹாக்கியும் ஆடினர். சமமான உலகம் அன்று அது. ஆயினும் ஷிஃப்ட் முடிந்தால் வீடு நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. மாலை என்று ஒன்று இருந்தது. சுரங்கம் மூடப்பட்ட பின் அந்த மாலையே பறிபோயிற்று. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் 'ஸ்வர்ணா' ரயில்கள் ஆயிரக்கணக்கானோரை விடியுமுன் ஏற்றிச் சென்று இருட்டிய பின் இறக்கிவிடுகின்றன. போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்தப் பயணமே தொடர் உழைப்புக்கு ஒரு சான்று. ஓர் ஓட்டக்காரர் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தையும் வலுவையும் அவர்கள் ரயில் பெட்டியில் நின்றபடி செலவிடுகிறார்கள். அந்த உழைப்புக்குக் கடிகாரம் பிடிப்பார் இல்லை, பதக்கமும் இல்லை. வீட்டு வேலைகளையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களுக்கு நாள் இன்னும் குறுகியது. அத்தகைய வீட்டில் வளரும் ஒரு சிறுமி நன்றாக ஓடினால், காலை ஆறு மணிக்கு அவளை மைதானத்துக்கு அழைத்துச் செல்ல வீட்டில் யார் இருப்பார்?

அவளிடம் சென்று "உழைத்தால் உயரலாம்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவது அநீதி. வென்றவரின் கதையிலிருந்து வேலையையும் மைதானத்தையும் பயிற்றுநரையும் அகற்றிவிட்டு, வியர்வையை மட்டும் எடுத்துக் காட்டினால், தோற்றவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று பொருளாகிவிடும். தங்கவயலில் யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். அங்கே தோற்றது உழைப்பாளிகள் அல்லர்.

அதேவேளை, "சூழ்நிலைதான் எல்லாம், தனிமனித முயற்சியால் ஆவதொன்றுமில்லை" என்று அவளிடம் சொல்வதும் அதே அளவு அநீதி. சமூகக் காரணங்களை ஆராயும் துறைகளில் இருப்போர் இந்தப் பக்கம் சாய்வதுண்டு. பாவெலுக்கு வேலை தந்த அதே நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். அவர்கள் எல்லாரும் டோக்கியோவுக்குச் செல்லவில்லை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிய இளைஞர்கள் பலர். சூழல் தந்த சிறு இடைவெளியை நாள்தோறும் நிரப்பியவர்களுக்கே அடுத்த வாசல் திறந்தது. தேர்வாளர், காயம், வானிலை, அரசாணை ஆகிய எதுவும் ஒருவரின் கையில் இல்லை. நாளைக் காலை எழுந்து மைதானத்துக்குச் செல்வது மட்டும் பெரும்பாலும் கையில் இருக்கிறது. எஞ்சியவை எல்லாம் நழுவும்போது பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே கயிறு அது.

ஆய்வு மாணவர்களுக்கும் இது அயலான செய்தியன்று. முனைவர் பட்டத்தின் நான்காம் ஆண்டில் உதவித்தொகை தாமதமாகும்போது, எழுதிய இயலைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லப்படும்போது, நடராஜன் தம் கையசைவைத் திருத்திக்கொண்ட காலம் நினைவுக்கு வரலாம். நாள்தோறும் இரண்டு பக்கம் என்ற ஒழுங்கு ஒருவருடையது. அந்த இரண்டு பக்கத்தை எழுத முடிகிற மாதச் சம்பளமும் நூலகமும் நெறியாளரின் கண்ணும் நிறுவனம் தர வேண்டியவை. முன்னதைக் கேட்பவர்கள் பின்னதைத் தரக் கடமைப்பட்டவர்கள்.

தொடர் உழைப்பைப் போற்றும் ஒவ்வொரு மேடையும், போற்றிய கையோடு ஒரு மைதானத்தின் பூட்டைத் திறந்துவிட்டுச் செல்லட்டும். தங்கவயலின் பிள்ளைகளுக்கு உழைக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது அவர்களுக்குத் தாத்தா காலத்திலிருந்தே தெரியும்.